வெடியுப்பும் இறைச்சியும்

உணவின் சரித்திரம், அரசர்களின் சரித்திரத்தினும் நம் வாழ்வுக்கு அணுக்கமானது. எந்த மன்னன் எந்தக் கோட்டையை வென்றான் என்பதை அறியாவிடினும் நமக்கு நட்டமில்லை. நம் குழந்தையின் தட்டில் விழும் பண்டம் எங்கே, எதற்காகப் பிறந்தது என்பதை அறியாதிருப்பதோ நட்டமே. தோட்டத்துக் கடைகளிலும் பட்டணத்துப் பேரங்காடிகளிலும் குளிர்ப்பெட்டி நிறையக் கிடக்கும் சாசேஜ், தகரத்திலடைத்த லஞ்சன் மீட், ஹாம், பேக்கன் முதலிய பதனிட்ட இறைச்சி வகைகளின் வரலாற்றை ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

குளிர்நாடுகளில் பனிக்காலம் வந்துவிட்டால் கால்நடைகளுக்குத் தீனி அகப்படுவதில்லை. ஆதலின் பனி விழுமுன் அவற்றைக் கொன்று, இறைச்சியை உப்பிட்டும் புகையூட்டியும் மாதக்கணக்கில் காத்து வைத்தனர். உரோமாபுரியின் கேட்டோ என்பவர் கி.மு. 2ஆம் நூற்றாண்டில் வேளாண்மை பற்றி எழுதிய நூலிலேயே பன்றித் தொடையை உப்பிடும் முறை கூறப்பட்டுள்ளது. பசிக்கு அஞ்சிய மனிதன் கண்ட தற்காப்பு அது. அதில் இகழத்தக்கது யாதொன்றுமில்லை.

வெறும் உப்பிட்ட இறைச்சி சாம்பல் நிறமடையும். வெடியுப்பையும் சேர்த்தால் செந்நிறம் நிலைக்கும். இதைப் பிற்காலத்து ஐரோப்பியக் கசாப்புக்காரர் அனுபவத்தால் அறிந்திருந்தனர். பீகார் நாட்டு மண்ணிலிருந்து காய்ச்சியெடுத்துக் கிழக்கிந்தியக் கம்பெனியார் 17ஆம் நூற்றாண்டு முதல் கப்பல் கப்பலாக ஏற்றிச் சென்ற வெடியுப்பும் இதுவே. பீரங்கிக்கு மருந்தான பொருளே இறைச்சித் தொட்டியிலும் விழுந்தது.

நிற்க. உப்பிட்டதெல்லாம் கெடாது என்று நம்பியிருந்த மக்களை ஒரு கொடிய நோய் வாட்டிற்று. ஜெர்மனியின் உர்ட்டம்பெர்க் நாட்டில் சாசேஜ் உண்டவர் பலர் கண் மங்கி, நாக்குழறி, மூச்சடைத்து மாண்டனர். அந்நாட்டு வைத்தியரும் கவிஞருமான யூஸ்டினுஸ் கெர்னர் 1820லும் 1822லும் இந்நோயை விரிவாக ஆராய்ந்து நூல்கள் வெளியிட்டார். அந்நஞ்சைத் தம் உடலிலேயே சோதித்தும் பார்த்தார். 1895இல் பெல்ஜியத்தின் எல்லெசெல் என்னும் ஊரில், ஓர் இறப்புச் சடங்கிற்கு வந்து ஹாம் உண்ட இசைவாணர்கள் நோயுற்று, அவர்களுள் மூவர் மாண்டனர். அதனை ஆராய்ந்த வான் எர்மெங்கெம் என்பார் நஞ்சை உண்டாக்கும் கிருமியைக் கண்டுபிடித்தார். சாசேஜைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்தே அந்நோய்க்குப் ‘பொட்டுலிசம்’ என்னும் பெயர் வந்தது.

வெடியுப்பு இறைச்சிக்குள் நைட்ரைட் என்னும் பொருளாக மாறுகிறதென்பதை 1891இல் போலென்ஸ்கே கண்டார். அந்த நைட்ரைட்டே சிவப்பு நிறத்திற்குக் காரணமென்பதை 1901இல் ஹால்டேன் விளக்கினார். அது மேற்சொன்ன கிருமியையும் அடக்குமெனப் பின்னர்த் தெளிவாயிற்று. 1906இல் அப்டன் சிங்க்ளேர் தம் நாவலால் சிக்காகோ இறைச்சிச் சாலைகளின் அழுக்கை உலகறியச் செய்ய, அவ்வாண்டிலேயே அமெரிக்காவில் இறைச்சிப் பரிசோதனைச் சட்டம் பிறந்தது. சாலைகள் தூய்மை பெற்றன. தொட்டியிலிட்ட மருந்தோ போகவில்லை. 1925இல் நைட்ரைட்டை நேராகவே சேர்க்க அந்நாட்டு அரசாங்கம் அனுமதித்தது. வாரக்கணக்கில் நடந்த வேலை சில நாட்களில் முடிந்தது. முதலாளிகளின் இலாபமும் வளர்ந்தது.

இதற்குரிய விலை பின்னரே வெளிப்பட்டது. நைட்ரைட், இறைச்சியிலுள்ள சில பொருள்களோடு கூடி நைட்ரோசமின் என்னும் இனத்தைச் சேர்ந்த நஞ்சுகளை உண்டாக்க வல்லது. அவ்வினத்தைச் சேர்ந்த ஒரு பொருள் எலிகளின் ஈரலில் புற்றுநோயை விளைவித்ததை, 1956இல் மாகீ, பார்ன்ஸ் என்னும் ஆங்கில விஞ்ஞானிகள் வெளியிட்டனர். 2015இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிக் கழகம், 800க்கு மேற்பட்ட ஆராய்ச்சிகளைச் சீர்தூக்கி, பதனிட்ட இறைச்சி மனிதருக்குப் பெருங்குடற் புற்றுநோயை விளைவிப்பதே என்று முடிவு கூறிற்று. நாள்தோறும் 50 கிராம், அதாவது ஏறக்குறைய ஒரு சாசேஜ், உண்போர்க்கு அந்நோய் நேரும் வாய்ப்பு 18 விழுக்காடு மிகுகிறது. நூற்றுவரில் பதினெண்மர் நோயுறுவர் என்பது இதன் பொருளன்று. 100 பேர்க்கு நேரக்கூடிய இடத்தில் 118 பேர்க்கு நேரும் என்பதே பொருள். புகையிலையோடு ஒரே வரிசையில் இது வைக்கப்பட்டதும் சான்றின் உறுதியைக் குறிக்குமேயன்றிக் கேட்டின் அளவைக் குறிக்காது. உண்மையை உள்ளவாறே கூறுதல் நம் கடமை. மிகைப்படுத்துவோர் பின்னர் உண்மை கூறினும் எவரும் நம்பார்.

‘மேனாட்டார் பழக்கந்தானே தீது, நம் கருவாடும் உப்புக்கண்டமும் நல்லவை’ என்று சில அன்பர்கள் மகிழக்கூடும். அம்மகிழ்ச்சிக்கும் இடமில்லை. சீனமுறையில் உப்பிட்ட மீன் மூக்கின் பின்புறத் தொண்டையில் புற்றுநோயை விளைவிப்பதென்று மேற்படி கழகமே 1993இல் தீர்மானித்தது. பால்மணம் மாறாத வயதிலேயே அதனை ஊட்டப்பெற்றோர்க்கு அபாயம் அதிகம். நம் கருவாடும் உப்புக்கண்டமும் உப்பு மிகுதியால் இரத்த அழுத்தத்திற்குத் துணைபுரிவனவே. பழமையாயினும் புதுமையாயினும் ஆராய்ந்தே கொள்ளல் வேண்டும்.

இனி, மாற்று யாது? பனிக்காலமே இல்லாத, நாள்தோறும் சந்தை கூடுகிற, வீட்டுக்கு வீடு குளிர்ப்பெட்டி உள்ள நாட்டில் நாம் வாழ்கிறோம். நைட்ரைட்டை எடுத்துவிட்டால் கிருமி வளராதோ என்று கேட்பர். மாதக்கணக்கில் வைக்கும் பண்டத்திற்கே அவ்வச்சம். அன்று வாங்கி அன்றே வேகவைக்கும் கோழிக்கு வெடியுப்பு எதற்கு? மிளகும் மஞ்சளும் இட்டு அவித்த கோழியை ஆறவைத்து மெல்லியதாய் அரிந்தால் ரொட்டிக்கு ஏற்ற துணையாகும். முட்டையும் கானாங்கெளுத்தி மீனும் அத்தகையனவே. தகரத்திலடைத்ததெல்லாம் ஒன்றென எண்ணற்க. சார்டின் வெப்பத்தால் காக்கப்படுவது, வெடியுப்பால் அன்று. அதன் உப்பை மட்டும் கவனித்தால் போதும்.

இவற்றினும் சிறப்புடையதொன்று நம் அண்டையிலேயே உள்ளது. அது ஜாவா மக்கள் கண்ட தெம்பே. சோயா மொச்சையை ஊறவைத்துத் தோல் நீக்கி, அவித்து, ஒருவகைப் பூஞ்சணம் ஊட்டி, வாழையிலையில் பொதிந்து வைத்தால் இரண்டொரு நாளில் கட்டியாகிவிடும். 100 கிராமில் ஏறக்குறைய 19 கிராம் புரதம் உண்டு. ஜப்பானியர் காலத்தில் ஜாவாவின் சிறைமுகாம்களில் அடைபட்டு, அவித்த சோயா செரியாமல் வருந்திய மேனாட்டார் பலர் தெம்பே உண்டு தேறினர். துரைமார் மேசையிலிருந்த ஹாமை நாகரிகமென்று எண்ணிய நம்மவர், அத்துரைமார் இனத்தாரைக் காத்த தெம்பேயை ஏழைப்பண்டம் என்று ஒதுக்குவது என்ன நியாயம்? நம் பருப்பும் பாசிப்பயறும் கடலைச் சுண்டலும் இதற்குத் தாழ்ந்தவையல்ல.

அன்பர்களே! என்றோ ஒருநாள் உண்ட சாசேஜால் எவரும் மாய்வதில்லை. நாள்தோறும் பள்ளிப் பிள்ளையின் பெட்டியில் அதனை வைத்தனுப்பும் பழக்கமே அஞ்சத்தக்கது. தாய்மார் பொறுப்பென்று தந்தைமார் ஒதுங்குதலும் தகாது. சம்பள நாளில் கடைக்குச் செல்பவர் பெரும்பாலும் ஆடவரே. பொதியின் மேல் 249 முதல் 252 வரையுள்ள எண்களில் ஒன்று காணப்படின், அது வெடியுப்பின் இனமென்று அறிந்துகொள்க. எழுத்தறிவு சம்பளச் சீட்டை வாசிப்பதோடு நின்றுவிடலாகாது. நாம் உண்பதையும் வாசித்தறிந்து உண்போமாக.