குரலின் கோடு

கண்ணால் காண்பதே மெய் என்பர். கண்டதெல்லாம் மெய்தானா என்று கேட்பதன்றோ அறிவு! ஒலியைக் கண்ணால் காண முயன்ற வரலாற்றை நாம் இங்கே எண்ணிப் பார்க்கிறோம்.

1857-இல் பிரெஞ்சு நாட்டு எதுவார் லியோன் ஸ்காட், அதிரும் சவ்வில் மயிர்முனை பொருத்தி, புகைக்கரி பூசிய தாளில் ஒலியின் அலைவடிவத்தை வரையச் செய்தார். குரல் ஓங்கிய இடமும் ஓய்ந்த இடமும் தெரிந்தன. ஒலித்த எழுத்து எதுவென்று படிக்க முடியவில்லை.

அமெரிக்காவின் பெல் ஆய்வகம் 1940-களில் அமைத்த ஸ்பெக்ட்ரோகிராப் கருவி அக்குறையைப் பெரிதும் போக்கிற்று. பாட்டர், காப், கிரீன் மூவரும் 1947-இல் அதனை நூலாக்கினர். செவி கேளாதோர் கண்ணால் பேச்சைப் படிக்கட்டும் என்பது அவர்தம் நோக்கங்களுள் ஒன்று. எத்துணை உயரிய நோக்கம்!

அத்தாளில் இடமிருந்து வலம் காலம். கீழிருந்து மேல் அதிர்வெண். கருமை மிகுந்தால் வலிமை மிகுதி. உயிரொலிகள் கரும்பட்டைகளாய் நிற்கும். 'ஈ' எனில் முதலிரு பட்டைகள் விலகும்; 'ஆ' எனில் நெருங்கும். 'ஸ' உச்சியில் தூறலாய்ப் படியும். 'ப' வெடிக்குமுன் வெற்றிடம் காட்டும். அழுத்தமும் ஒளியாது. ஆங்கிலத்தில் 'பெர்மிட்' பெயராயின் முன்னசையும், வினையாயின் பின்னசையும் அழுத்தம் பெறும். அவ்வசை பெரும்பாலும் நீளும், வலுக்கும், சுருதி மாறும்.

எழுத்தைக் காட்டிய தாள் ஆளையும் காட்டுமா? காட்டும் என்றார் அவ்வாய்வகத்தின் லாரன்ஸ் கெர்ஸ்டா. 'குரல்ரேகை' கைரேகை போன்றது, 99 விழுக்காட்டுக்கு மேல் சரியாகும் என்று 1962-இல் அறிவித்தார். அமெரிக்க நீதிமன்றங்கள் சில ஏற்றன, சில மறுத்தன. கூண்டில் நின்றவன் கதி, கோட்டில் தொங்கிற்று!

விரலின் ரேகை மாறாது. குரலோ சளி பிடித்தால் மாறும், சினந்தால் மாறும், தொலைபேசி வழி வந்தால் திரியும். 1979-இல் அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகத்தின் குழு ஆராய்ந்து, பிழையின் அளவு சூழலுக்கேற்பப் பெரிதும் வேறுபடும், மிகுந்த எச்சரிக்கை வேண்டும் என்று அறிக்கை தந்தது. அறிவியலின் பெயரால் எழுந்த மிகைக்கூற்றை அறிவியலே அளந்து காட்டிற்று.

கருவியைப் பழிக்கிறோமா? இல்லை. எழுத்தை அறிய அது இன்றும் நற்றுணை. ஆனால், 'எவ்வளவு பிழைக்கும்?' என்று கேளாமல் அதன் சொல்லை ஏற்பது பகுத்தறிவாகாது. மந்திரத் தகட்டை எறிந்தவன் இயந்திரத் தாளைக் கும்பிட்டால், அவன் விட்டது தகட்டை மட்டுமே, கும்பிடுதலை அன்று!