கணனி பாடசாலைக்கு வந்த கதை

கண்டியிலிருந்து குருநாகலுக்குச் செல்லும் பெருவீதியிலே அமைந்தது எமது கலகெதர. 1803ஆம் ஆண்டில் ஜெனரல் மக்டவலின் ஆங்கிலச் சேனை கண்டியை நோக்கி ஏறியபோது, இவ்விடத்துக் காவலரணைக் கைப்பற்றியே மேலே சென்றது. புதியன யாவும் எம்மூரைக் கடந்து நகருக்குப் போவதும், நெடுநாட் கழிந்தே இங்கு திரும்பி வருவதும் வழக்கமாயிற்று. கணனிக் கல்வியும் அவ்வாறே வந்தது. அது வந்த வழியைச் சிறிது ஆராய விழைகின்றேன். பெரியோர் பிழை பொறுப்பாராக.

கணனி விஞ்ஞானிகளுக்கும் யுத்த இலாகாக்களுக்குமே உரியதென்றிருந்த காலத்தில், அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரியிலே ஜோன் கெமெனி, தோமஸ் கேர்ட்ஸ் என்னும் கணிதப் பேராசிரியர் இருவர், இலக்கியம் பயில்பவனும் அதனை ஏவ அறிந்திருத்தல் வேண்டுமெனக் கருதினர். அவர்கள் ஆக்கிய பேசிக் என்னும் எளிய கணனிமொழி 1964 மே 1ஆம் திகதி முதன்முதலாக இயங்கிற்று. 1967இல் சீமோர் பாப்பேர்ட்டும் சகாக்களும் சிறுவர்க்கென்றே லோகோ என்னும் மொழியை அமைத்தனர். அதிலே ஆமையொன்று உண்டு. சதுரம் வரைய விரும்பும் பிள்ளை, 'முன்னே செல், வலப்புறம் தொண்ணூறு பாகை திரும்பு' என நான்கு முறை கட்டளையிடல் வேண்டும். பிழைத்தால் ஆமை தவறான இடத்திற் போய் நிற்கும், அவ்வளவே. பிரம்பில்லை, சிவப்பு மையில்லை. பிள்ளை தன் கட்டளையைத் தானே திருத்துகின்றது. யந்திரத்துக்குப் பிள்ளை கற்பிக்க வேண்டும் என்பதே பாப்பேர்ட்டின் கொள்கை.

1981இல் பிரித்தானிய ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் பெயரால் வெளிவந்த பிபிசி மைக்ரோ கணனி அந்நாட்டுப் பாடசாலைகளிற் பரவியது. 1984இல் இந்தியா அதே கணனியைச் சுமார் 250 பாடசாலைகளில் வைத்துப் பரீட்சித்தது.

நமது நாட்டில் இத்துறைக்கு வித்திட்டவர் கொழும்புப் பல்கலைக்கழகப் பேராசிரியர் வி. கே. சமரநாயக்க. 1983இல் தேசிய கணனிக் கொள்கை வகுக்கப்பட்டது. மறுவருடம் சின்டெக் என்னும் சபை தோன்றியது. அக்காலத்திலேயே சில பாடசாலைகளுக்குக் கணனி வழங்கப்பட்டும் அம்முயற்சி நிலைக்கவில்லை. யந்திரத்தைக் கப்பலில் இறக்கலாம், ஆசிரியரை அவ்வாறு இறக்க முடியுமா? இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனுதவியோடு கணனி நிலையங்கள் அமைந்தன; க.பொ.த. சாதாரணதரத்திலும் இது பாடமாயிற்று.

பலன் யாது? கணனி எழுத்தறிவுடையோர் 2004இல் நூற்றுக்கு 9.7, 2009இல் 20.3 எனத் தொகைமதிப்புத் திணைக்களம் கணக்கிட்டது. ஆயின், ஐந்து வயதுக் குழந்தை தானாகக் கணனியில் விளையாடினாலும் கணனி எழுத்தறிவுடையதே என்பது அக்கணக்கின் வரைவிலக்கணம்! ஆமைக்குக் கட்டளையிட்ட பிள்ளைக்கும் இப்பிள்ளைக்கும் எவ்வளவு தூரம்! இந்த எளிய அளவுகோலிலுங்கூடத் தோட்டப்புறமே கடைசியில் நின்றது.

நான் கற்ற மிஷன் பாடசாலையிலும் கணனி அறை ஒன்றிருந்தது. செருப்பைக் கழற்றி வைத்து, கோயிலுட் புகுவதுபோற் புகுவோம். ஒரு கணனிக்கு நால்வர். பாடவேளை முடிவதற்குள் என் முறை வந்த நாட்கள் சிலவே. மீதி நாட்களில் விசைப்பலகையின் படத்தைக் கொப்பியில் வரைந்தோம்.

2020 மார்ச்சிலே கொள்ளைநோயாற் பாடசாலைகள் மூடப்பட்டபோது, பாடம் முழுவதும் கைத்தொலைபேசிக்கு மாறியது. பதுளை மாவட்டத்தின் பொகிட்டியாவக் கிராமத்துப் பிள்ளைகள் 2021இல் அலைவரிசை தேடிக் காட்டினூடே நடந்து பாறையேறிய செய்தியை உலகப் பத்திரிகைகள் வெளியிட்டன. கல்வியில் அவாவற்றவர் நம் கிராமத்தார் என்று இனியும் எவரேனும் சொல்வரோ?

மொழியின் இடர் வேறு. சென்ற விடுமுறையில் ஊர்த் தம்பி தங்கையர் சிலருக்கு எனது பழைய கணனியிலே பாடஞ் சொன்னேன். சிறுமியொருத்தி பாமினி எழுத்துருவில் 'கலகெதர' என்றெழுதி, அச்சிடக் கடைக்குக் கொண்டு சென்றாள். அங்கே அந்த எழுத்துரு இல்லை. பொருளற்ற ஆறு ஆங்கில எழுத்துக்களே தாளில் வந்தன. "அண்ணா, கணனிக்கு எங்கள் ஊரைத் தெரியாதா?" என்று கேட்டாள்.

தெரியாதுதான். பாமினி ஆங்கில எழுத்துக்குத் தமிழ்ச் சட்டை போடுகின்றது. சட்டை கழன்றால் ஆங்கிலமே மிஞ்சும். 1991இல் வெளியான யூனிகோட் முறையிலோ தமிழின் அடிப்படை எழுத்துக்களுக்கும் கொம்பு முதலிய குறிகளுக்கும் தமக்கென எண்கள் உண்டு. அடுத்த நாள் புத்தகத்தை மூடிவிட்டு அதனையே பாடமாக்கினேன். ககரத்துக்கு 2965, லகரத்துக்கு 2994 எனத் தேடித் தேடி ஊர்ப்பெயரை எண்களாற் கரும்பலகையில் எழுதினார்கள். கையால் எழுதும்போது முன்னே வரும் கொம்பு, எண்வரிசையில் ககரத்துக்குப் பின்னே நிற்பதை முதலிற் கண்டுபிடித்தவள் அச்சிறுமியே. ஏன் அப்படி என்று அவர்கள் வாதாடிக் கொண்டிருக்கையில் இருட்டிவிட்டது.