சுண்டும் கிலோவும்: அளவு பிழையாதிருக்க

கடையில் அரிசியைக் கிலோகிராமில் வாங்குகின்றோம். வீட்டில் அதனையே சுண்டினால் அளந்து உலையிலிடுகின்றோம். இவ்விரண்டுக்கும் இடையிலான தொடர்பைச் சரிவர அறிந்தோர் தொகை குறைந்து வருகின்றது. இலங்கை 1970களில் மெற்றிக் முறைக்கு மாறியபோதிலும், யாழ்ப்பாணக் குடாநாட்டின் சமையலறைகளில் சுண்டும் கொத்தும் இன்னும் வழக்கொழிந்து விடவில்லை.

4 சுண்டு ஒரு கொத்து. 32 கொத்து ஒரு புசல். பிரித்தானியர் கால அளவுப்படி ஒரு புசல் 36.37 லீற்றர். எனவே ஒரு கொத்து ஏறத்தாழ 1,137 மில்லிலீற்றர். ஒரு சுண்டு 284 மில்லிலீற்றர். இவை முகத்தலளவைகளேயன்றி நிறுத்தலளவைகள் அல்ல என்பதை நாம் மறத்தலாகாது. ஒரு புசல் நெல் 46 இறாத்தல், அதாவது ஏறத்தாழ 21 கிலோ. அதே புசல் அரிசியாயின் 64 இறாத்தல், அதாவது 29 கிலோ. பாத்திரம் ஒன்றே, கொள்ளும் பொருளுக்கேற்ப நிறை வேறுபடுகின்றது.

தலைதட்டி அளந்த ஒரு சுண்டு அரிசி ஏறத்தாழ 227 கிராம், அதாவது அரை இறாத்தல். சீனி 240 கிராம் வரையில் நிற்கும். தேங்காயெண்ணெய் 260 கிராம் அளவில் இருக்கும். கோதுமை மாவோ 150 முதல் 170 கிராம் வரைதான். அரித்த மாவு இன்னும் குறையும், அமுக்கி நிரப்பினால் கூடும். தேங்காய்ப்பூ ஏறத்தாழ 100 கிராம். தூளுப்பு ஒரு தேக்கரண்டி 6 கிராம் வரும்; ஆனையிறவுக் கல்லுப்பு இடைவெளி விட்டுக் கிடப்பதால் அதனிலும் குறையும். ஆகவே 'ஒரு சுண்டு இத்தனை கிராம்' என எல்லாப் பொருள்களுக்கும் பொதுவாக ஒரே விடை கூறுதல் இயலாது.

சுண்டுக்குப் பதிலாக ரின்பால் பேணியைப் பயன்படுத்துவோர் பலர். பேணியில் 390 கிராம் அல்லது 397 கிராம் எனப் பொறிக்கப்பட்டிருப்பது பாலின் நிறையாகும். ரின்பால் நீரினும் ஏறத்தாழ 1.3 மடங்கு கனமானது. அப்பேணி அரிசியில் 240 கிராம் அளவே கொள்ளும்.

இக்கணக்கு முஸ்லிம் வாசகர்களுக்கு மார்க்கக் கடமையோடும் தொடர்புடையது. நோன்புப் பெருநாளையொட்டி வழங்கப்படும் ஸகாத்துல் பித்ர், ஆளொருவருக்கு ஒரு 'ஸாஉ' என விதிக்கப்பட்டுள்ளது. ஸாஉ என்பதும் முகத்தலளவையே. நான்கு 'முத்து' கொண்டது. அதன் இன்றைய நிறையை அறிஞர்கள் 2.4 முதல் 3 கிலோ வரை பலவாறாக மதிப்பிடுகின்றனர். 2.4 கிலோ எனக் கொண்டால் அரிசியில் பத்தரைச் சுண்டுக்குச் சற்று மேல். 3 கிலோ எனின் பதின்மூன்று சுண்டைத் தாண்டும். பத்துச் சுண்டோடு நிறுத்தினால் ஏழையின் பங்கு குறைந்துவிடும். தத்தம் பகுதி உலமாக்கள் அறிவிக்கும் நிறையைத் தராசில் நிறுத்தே வழங்குதல் ஐயத்துக்கு இடமற்றது.

1990 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோதும், 1995இல் வலிகாமம் மக்கள் இடம்பெயர்ந்தபோதும், வீடுகளோடு வீட்டுப் பாத்திரங்களும் கைவிட்டுப் போயின. அன்னையரின் நினைவில் 'இரண்டு சுண்டு' என்ற கணக்கு எஞ்சியது. அந்தச் சுண்டு எஞ்சவில்லை. இன்று கையிலுள்ள பேணியோ கோப்பையோ பழைய அளவுக்கு ஒத்ததா என்பதை அறிய எளிய வழி உண்டு. வெறும் பாத்திரத்தை முதலில் நிறுத்து, பின்னர் நீரால் நிரப்பி நிறுக்க வேண்டும். வேறுபாடு எத்தனை கிராமோ, அத்தனை மில்லிலீற்றர் அதன் கொள்ளளவு. அதன்பின் அரிசி, மா, சீனி ஆகியவற்றைத் தனித்தனியே தலைதட்டி நிறுத்து, கிடைத்த அளவுகளைச் சமையலறைச் சுவரில் எழுதி வைத்தால் அடுத்த தலைமுறைக்கும் அது பயன்படும்.

அளவில் குறைப்போரைக் கண்டிக்கும் திருக்குர்ஆனின் 83ஆவது அத்தியாயம் அவர்களின் பெயராலேயே அமைந்துள்ளது. நடுவுநிலைமைக்குத் துலாக்கோலையே உவமையாக்கினார் வள்ளுவர். அளவு பிழையாதிருத்தல் சுவைக்கு மட்டுமன்று, நேர்மைக்கும் உரியதாகும்.