கல்வேஸ்லாந்து தேசியப் பூங்கா

நுவரெலியா நகர எல்லைக்குள்ளேயே இருக்கும் மலைக்காடு. பரப்பளவு 30 ஹெக்டேயரைக்கூட எட்டாது; பெரிய தேயிலைத் தோட்டமொன்றின் ஒரு டிவிசன் இதைவிடப் பெரிதாக இருக்கும். 1938இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டு, 2006 மே மாதம் தேசியப் பூங்காவாகத் தரமுயர்த்தப்பட்டது. நிர்வாகம் வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்திடம்.

இதன் பெருமை பறவைகளால் வந்தது. இமயமலைப் பக்கத்திலிருந்து குளிர்காலத்துக்கு வரும் காஷ்மீர் ஈப்பிடிப்பானை இங்கே காணலாம். உள்ளங்கைக்குள் அடங்கும் சிறு குருவி. ஆணின் செம்மஞ்சள் தொண்டையைச் சுற்றி கறுப்புக்கரை ஓடும். அதே விருந்தாளி நகர நடுவிலுள்ள விக்டோரியா பூங்காவின் ஓடையோரமும் பூச்சி பிடிக்கும். பஸ் நிலையத்துக்கு எட்டிய தூரத்தில் இப்படியொரு காட்சி வேறெங்கே கிடைக்கும்?

ஆனால் சிறு காட்டுக்குத் தனித்து நின்று பிழைப்பது கடினம். சுற்றிலும் விடுதிகளும் வீடுகளும் மரக்கறித் தோட்டங்களும் நெருங்கினால், மரக்கிளை வழியே நடமாடும் மந்திகளுக்குப் போக்கிடம் குறையும்; வெளியூர்ச் செடிகள் ஓரத்திலிருந்து உள்ளே பரவும். வேலி போட்டு டிக்கட் கொடுப்பதோடு பாதுகாப்பு முடிந்துவிடுவதில்லை. அயற்காடுகளோடு மரத்தொடர்ச்சியும் வேண்டும்.

நுவரெலியாவிலிருந்து வெலிமடை வீதியில் இறங்கினால், சீதையம்மன் கோயிலைத் தாண்டியதும் ஹக்கலை மலை எழும். 1861இல் சிங்கோனா பயிரிடத் தொடங்கப்பட்ட தாவரவியல் பூங்காவின் பின்னால், ஏறத்தாழ 1,140 ஹெக்டேயரில் ஹக்கலை கடும் இயற்கை ஒதுக்ககம் விரிகிறது. இதுவும் 1938இல் அறிவிக்கப்பட்டதே. கல்வேஸ்லாந்துக்குள் டிக்கட் எடுத்து நடக்கலாம். ஹக்கலை ஒதுக்ககத்தில் சுற்றுலாப் பயணிகளுக்கு இடமில்லை, அனுமதி பெற்ற ஆய்வாளர்கள் மட்டுமே நுழையலாம்.