சேன் மர்த்தேனின் வயிறு

கோபத்தோடு சாப்பிட்டால் ஜீரணிக்காது என்பார்கள் பெரியவர்கள். அதைக் கண்ணாலேயே பார்த்தார் ஒரு டாக்டர்.

1822 ஜூன் 6, அமெரிக்காவின் மாக்கினாக் தீவு. பக்கத்திலிருந்தவரின் துப்பாக்கி தவறி வெடித்து, அலெக்ஸி சேன் மர்த்தேன் என்ற பிரெஞ்சு பேசும் கனடியக் கூலியாளின் இரைப்பையில் ஓட்டை விழுந்தது. பிழைத்தார், ஓட்டை மூடவில்லை. ராணுவ டாக்டர் வில்லியம் போமான்ட் இறைச்சித் துண்டுகளைப் பட்டுநூலில் கட்டி அதற்குள் விட்டு, எடுத்துப் பார்த்தார். மர்த்தேன் கோபப்பட்டபோது இரைப்பையில் பித்தநீர் ஏறியிருந்ததைக் குறித்துக்கொண்டார். 1833-இல் புத்தகமாகவும் போட்டார்.

எழுதப்படிக்கத் தெரியாத மர்த்தேன் ஒப்பந்தப் பத்திரத்தில் வெறும் குறிதான் போட்டார். கோபத்துக்கு வேறு காரணம் வேண்டுமா, என்ன?

1880-இல் அவர் இறந்ததும் டாக்டர்கள் அந்த இரைப்பையைக் கேட்டார்கள். குடும்பத்தார் உடல் அழுகும்வரை வீட்டிலேயே வைத்திருந்து, ஆழக் குழி தோண்டிப் புதைத்தார்கள்.