டின்டர்ன் மடத்தின் நூலகம்

இளங்கலையில் ஆங்கிலப் பாடத்துக்காக வேர்ட்ஸ்வொர்த்தின் ‘டின்டர்ன் ஆபி’யை உருப்போட்டவர்கள் நம்மில் பலர் இருக்கக்கூடும். அக்கவிதைக்குள் மடமே இல்லை என்பதை நான் வெகுகாலம் கழித்தே கவனித்தேன். 1798 ஜூலையில், மடத்துக்குச் சில மைல் மேலே ஆற்றங்கரையில் இயற்றப்பட்டது என்று முழுத்தலைப்பு சொல்கிறது. உள்ளே ஆறும் காடும் கவிஞனின் மனமும்தான். மடத்தின் ஒரு கல்கூட இல்லை.

சில ஆண்டுகளுக்கு முன் வேல்ஸின் எல்லையோரம் செல்லும் வாய்ப்புக் கிட்டியபோது, அந்தக் கற்களைப் பார்க்கப் போனேன். செப்ஸ்டோவிலிருந்து மரங்களினூடே வளைந்து செல்லும் சாலை வை ஆற்றின் கரைக்கு இறங்குமிடத்தில், கூரையற்ற பெருஞ்சுவர்கள் சட்டென்று எதிர்ப்படுகின்றன. தேவாலயத்தின் தரை முழுதும் புல். மேற்குச் சாளரத்தின் கல்வேலைப்பாடு பெரும்பாலும் அப்படியே நிற்கிறது. கண்ணாடி இருந்த இடத்தில் வானம்.

1131இல் வால்டர் டி கிளேர் என்னும் பிரபு இதனை நிறுவினார். சிஸ்டெர்சியன் துறவியர் சாயமேற்றாத கம்பளியை உடுத்தி, ஊர்களை விட்டு விலகி வாழ்ந்தவர்கள். இன்று நாம் காணும் தேவாலயம் 1269இல் தொடங்கி 1301இல் திருநிலைப்படுத்தப்பட்டது. அதன் முடிவு கணக்கேட்டிலிருந்து வந்தது. ஆண்டு வருமானம் 200 பவுண்டுக்குக் குறைந்த மடங்களை மூடிவிட எட்டாம் ஹென்றியின் அரசு சட்டம் செய்தது. டின்டர்னின் வருமானம் ஏறத்தாழ 192 பவுண்டு. 1536 செப்டம்பர் 3 அன்று மடம் ஒப்படைக்கப்பட்டது. கூரையின் ஈயத்தை உரித்து விற்றார்கள். எஞ்சியதை மழை பார்த்துக்கொண்டது.

இருநூறு ஆண்டுகளுக்கும் மேல் கழித்து, 1770இல், வில்லியம் கில்பின் என்ற பாதிரியார் படகில் வந்தார். இயற்கையை ஓவியமாகக் காணும் கலையை இங்கிலாந்துக்குக் கற்பித்தவர் அவர். 1782இல் வெளியான அவருடைய பயணநூல்தான் சுற்றுலாக் கூட்டத்தை இங்கே அழைத்துவந்தது எனலாம். பாசியும் படர்கொடியும் சுவர்களுக்குத் தந்த நிறங்களை மெச்சிய அவர், முகப்புச் சுவர்கள் மட்டும் ஒழுங்காக நிற்பது கண்ணை உறுத்துவதாகவும், ஒரு சுத்தியலைப் பக்குவமாகப் பயன்படுத்தினால் சரியாகிவிடும் என்றும் எழுதினார். ரசனை முற்றினால் இப்படியும் ஆகும்.

ஆனால் அதே கில்பின்தான் இன்னொன்றையும் எழுதி வைத்தார். இடிபாடுகளுக்கிடையே குடிசை போட்டு ஏழைகள் வாழ்ந்தனர், பிச்சையே பிழைப்பு. துறவியரின் நூலகத்தைக் காட்டுவதாகச் சொல்லி, இரண்டு கோல்களை ஊன்றித் தள்ளாடியபடி, ஒரு மூதாட்டி அவரை அழைத்துப்போனாள். காஞ்சொறியும் முட்புதரும் மண்டிய இடத்தில், இடிந்த தாழ்வாரத்தின் மிச்சமொன்றைக் காட்டி, இதுதான் என்றாள். அது அவள் குடியிருந்த இடம். மண்தரை, ஓர் ஓட்டைக் கட்டில். ஈரம் வழிந்து வழிந்து சுவரெங்கும் பல நிறக் கறைகள். வெளியே அவர் மெச்சிய நிறங்கள் உள்ளே நோயாக இருந்தன. மனிதர் வாழும் இடத்தில் இத்தனை அருவருப்பைத் தான் கண்டதில்லை என்று எழுதிய கில்பின், அவளுடைய பெயரைக் குறிக்கவில்லை.

இந்த ஏழைகளைக் கவிதை மறைத்துவிட்டதென 1986இல் மார்ஜரி லெவின்சன் வாதிட்டார். எனக்கு அதில் முழு உடன்பாடில்லை. காட்டினுள் எழும் புகையைக் கண்டு, அங்கே வீடற்ற நாடோடிகள் இருக்கலாம் என்று கவிஞர் ஊகிக்கத்தான் செய்கிறார். எனினும் ஊகத்துக்கும் அந்த இரண்டு கோல்களுக்கும் தொலைவு அதிகம்.

துறவியரின் நூலறை உண்மையில் தேவாலயத்தின் வடபுறத்தை ஒட்டி இருந்தது. அதன் சுவர்களுக்கிடையே சற்று நேரம் நின்றேன். பின்பு தாழ்வாரம் இருந்த முற்றத்தைச் சுற்றி நடந்தேன். புல் சீராக வெட்டப்பட்டிருந்தது. காஞ்சொறி எங்கும் இல்லை.