தொலைக்காட்சிப் போக்கர் போட்டிகள்: ஆட்டக்காரர் நடத்தையும் அதிர்ஷ்டமும்

தொலைக்காட்சிப் போக்கர் என்பது பெருந்தொகைப் போக்கர் போட்டிகளைப் படம்பிடித்து ஒளிபரப்பும் வழக்கம். இதில் ஆடப்படுவது பெரும்பாலும் டெக்சஸ் ஹோல்டெம். ஒவ்வொருவர் கையிலும் 2 மூடிய சீட்டுகள். நடுவில் எல்லோருக்கும் பொதுவாக 5 சீட்டுகள். இந்த ஏழில் சிறந்த ஐந்தைச் சேர்ப்பவர் ஜெயிப்பார். அல்லது பணத்தை ஏற்றி ஏற்றி மற்ற எல்லோரையும் சீட்டைக் கவிழ்க்க வைப்பவர் ஜெயிப்பார். மேசை மரியாதை என்பது நெடுங்காலம் சூதாடிகளுக்குள் எழுதப்படாத வழக்கமாக இருந்தது. அதில் கணிசமான பகுதி கேமரா வந்த பிறகே எழுத்துவடிவ விதியாயிற்று.

உலகப் போக்கர் தொடர் 1970-இல் லாஸ் வேகஸில் பென்னி பினியனின் ஹார்ஸ்ஷூ சூதாட்ட விடுதியில் தொடங்கியது. முதல் சாம்பியன் ஜானி மாஸ், சக ஆட்டக்காரர்களின் வாக்கால் தேர்வானவர். முதல் சுற்றில் ஒவ்வொருவரும் தமக்கே வாக்களித்துக்கொண்டதாகவும், பிறகு இரண்டாவது சிறந்தவர் யார் என்று கேட்டே முடிவு கண்டதாகவும் ஒரு கதை வழங்குகிறது. அது பிற்காலத்தில் மெருகேறியதாக இருக்கலாம். மறு ஆண்டு முதல், சிப்புகள் (பந்தயப் பணத்துக்கு ஈடான வில்லைகள்) தீர்ந்தவர் வெளியேறும் முறை வந்தது. 1973-இல் சி.பி.எஸ். நிறுவனம் போட்டியைப் படம்பிடித்தது. டாயில் பிரன்சன் 1976, 1977 இரு ஆண்டுகளிலும் 10-2 என்ற சாதாரணக் கையை வைத்தே கடைசி ஆட்டத்தை ஜெயித்தார். அந்தச் சீட்டுக்கு இன்றும் அவர் பெயர்தான். 1982-இல் வென்ற ஜாக் ஸ்ட்ராஸ் ஒற்றைச் சிப்பிலிருந்து மீண்டு வந்தவர் என்பார்கள். அது காகிதக் கைக்குட்டைக்கு அடியில் கிடந்தது என்பது ஒரு கூற்று. ‘ஆல்-இன்’ (எல்லாச் சிப்பையும் பந்தயமாக வைக்கிறேன்) என்று வாய்விட்டுச் சொல்லாததால்தான் அந்தச் சிப்பு அவருக்கே தங்கியது என்பது அதனோடு சேர்த்துச் சொல்லப்படும் விளக்கம். விவரங்கள் சொல்பவருக்குச் சொல்பவர் மாறுகின்றன.

அந்தக் கால ஒளிபரப்புகளில் கையிலிருந்த சீட்டு பார்வையாளருக்குத் தெரியாது. இந்தக் குறையைத் தீர்த்தவர்களில் முதலில் நினைக்கத்தக்கவர் ஹென்றி ஓரன்ஸ்டைன். 1923-இல் போலந்தில் பிறந்து, நாஜி வதை முகாம்களிலிருந்து உயிர் தப்பி, அமெரிக்காவில் பொம்மை வடிவமைப்பாளராகப் பேர் பெற்றவர். டிரான்ஸ்ஃபார்மர்ஸ் பொம்மைகள் அமெரிக்கச் சந்தைக்கு வந்ததில் அவருக்குப் பங்குண்டு. மூடிய சீட்டைக் காட்டும் கேமரா அமைப்புக்கு 1995-இல் காப்புரிமை பெற்றார். ஆனால் அந்த உத்தியை வீடுகளுக்குக் கொண்டுபோனது பிரிட்டனின் சேனல் 4-இல் 1999-இல் வந்த ‘லேட் நைட் போக்கர்’. வேல்ஸின் கார்டிஃப் நகரில் படமாக்கப்பட்ட அந்நிகழ்ச்சியில் மேசை விளிம்பில் கண்ணாடி பதித்து, அடியிலிருந்து சீட்டைப் படமெடுத்தார்கள். பெருமை யாருக்கு அதிகம் என்பதில் இரு தரப்பு உண்டு.

இந்த வரலாற்றில் மிக விரிவாகப் பதிவானது 2003-ஆம் ஆண்டு. டென்னசியைச் சேர்ந்த கணக்காளர் கிறிஸ் மணிமேக்கர் இணையத் தகுதிச் சுற்று வழியாக உலகப் போக்கர் தொடரின் 10,000 டாலர் நுழைவுக் கட்டணப் போட்டிக்குள் வந்தார். அந்தச் சுற்றுக்கு அவர் கட்டியது 86 டாலர் என்றும், 39 அல்லது 40 என்றும் சொல்லப்படுகிறது. போட்டியிட்டவர்கள் 839 பேர்.

இறுதி மேசைக்கு ஒரு படி முன்பு அவர் ஃபில் ஐவியை எதிர்கொண்டார். மணிமேக்கரிடம் ஏஸ், ராணி; ஐவியிடம் ஒன்பது ஜோடி. விரிந்த முதல் மூன்று சீட்டுகளில் இரண்டு ராணிகள். நான்காவதாக ஒன்பது விழுந்ததும் ஐவியின் கை முந்தியது. கடைசிச் சீட்டு ஏஸ். மூன்று ராணி, இரண்டு ஏஸ் என்ற ஃபுல் ஹவுஸோடு மணிமேக்கர் ஜெயித்தார். ஐவி பத்தாம் இடத்தோடு வெளியேறினார். இரண்டே சீட்டுகளில் இருமுறை கை மாறிய இந்த ஆட்டத்தில் எவர் மீதும் பிழை சொல்ல இடமில்லை.

அதிர்ஷ்டத்தின் மறுபக்கத்தைக் காட்டியது, கடைசி இருவராக மணிமேக்கரும் சாமி ஃபார்ஹாவும் மோதியபோது நடந்த ஆட்டம். மணிமேக்கர் கையில் ராஜாவும் ஏழும், எதுவுமே சேரவில்லை. ஃபார்ஹாவிடம் ஒன்பது ஜோடி. கடைசிச் சீட்டு விழுந்ததும் மணிமேக்கர் தன் சிப்பு முழுவதையும் தள்ளினார். அவருக்கு ஒரே இனச் சீட்டு சேராமல் போயிருக்க வேண்டும் என்று ஃபார்ஹா வாய்விட்டே சொன்னார், அது உண்மையும்கூட. அசையாமல் உட்கார்ந்திருந்தவரைப் பார்த்துப் பார்த்து, கடைசியில் ஜெயிக்க வேண்டிய கையைக் கவிழ்த்துவிட்டார். வர்ணனையாளர் நார்மன் சாட் அதை நூற்றாண்டின் புளஃப் (வலுவற்ற கையை வலுவானதாகக் காட்டி ஏமாற்றுவது) என்றார். இரண்டு கைகளும் திரையில் தெரிந்ததால், வீட்டிலிருந்தவருக்கு அது சீட்டாட்டமாக இல்லாமல் துணிச்சலின் காட்சியாக விரிந்தது. பரிசு 25 லட்சம் டாலர். மறு ஆண்டு 2,576 பேர், 2006-இல் 8,773 பேர் என்று கூட்டம் பெருகியது.

கூட்டத்தோடு குரலும் உயர்ந்தது. 2005-இல் மைக் மட்டுசோ கெட்ட வார்த்தை பேசியதற்காக மேசையை விட்டு விலகி உட்காரும் தண்டனை பெற்றார். 2006-இல் வென்ற ஜேமி கோல்டு தன் கையைப் பற்றி எதிராளியிடமே பேசிப் பேசிக் குழப்பினார். அது விதிமீறல், நடுவர்கள் கண்டும் காணாமல் விட்டார்கள் என்பது ஒரு சாரார் வாதம். தந்திரத்தின் எல்லைக்குள்தான் இருந்தது என்பது மறு சாரார் கட்சி. 2007-இல் ஹெவாட் கான் ஜெயிக்கும்போதெல்லாம் கத்திக் குதித்து ஆட, அளவுமீறிய கொண்டாட்டத்துக்கு 2008-இல் தடை வந்தது. 2007-இல் வென்றவர் லாவோஸிலிருந்து அகதியாக வந்த ஹ்மோங் இனத்தவர் ஜெர்ரி யாங். சீட்டு விழுமுன் மேசையருகே வாய்விட்டு ஜெபித்தார். அதைக் குறை சொன்னவர்களும் உண்டு; பரிசில் பத்தில் ஒரு பங்கை அறப்பணிக்குத் தந்ததையும் சேர்த்தே அவரை மதிப்பிட வேண்டும்.

2008-இல் ஃபில் ஹெல்முத், 10-4 என்ற சொத்தைக் கையோடு தன்னை ஜெயித்த கிறிஸ்டியன் டிராகோமிரைக் கண்டபடி ஏசினார். நடுவர்கள் விதித்த தண்டனையைத் தொடரின் ஆணையர் ஜெஃப்ரி பொல்லாக் ரத்து செய்தார். நட்சத்திரத்துக்கு ஒரு நீதி என்ற குற்றச்சாட்டு அன்று எழுந்தது. அதை எளிதில் தள்ள முடியாது. அதிர்ஷ்டத்தின் விளையாட்டும் அங்கே நடந்தது: அதே போட்டியில் மோட்டோயுகி மபுச்சியின் நான்கு ஏஸ்களை ஜஸ்டின் ஃபிலிப்ஸின் ராயல் ஃப்ளஷ் (ஒரே இனத்தில் பத்து முதல் ஏஸ் வரை) வீழ்த்தியது. கடைசியாக விழுந்த டைமண்ட் ஏஸ்தான் இருவர் கையையும் நிறைவு செய்தது.

எழுதப்படாத மரியாதைகளில் முதன்மையானது, ஜெயிக்கும் சீட்டை வைத்துக்கொண்டு காட்டாமல் இழுத்தடித்து எதிராளியை ஏங்கவிடக் கூடாது என்பது. ‘ஸ்லோ ரோல்’ எனப்படும் இது பெரும்பாலும் விதிமீறல் ஆகாது. ஆனால் ஆட்டக்காரர்கள் ஆண்டுக்கணக்கில் மறப்பதில்லை. தோற்றவர் எழுந்து கைகொடுத்துவிட்டுப் போவது இன்னொரு மரபு. பல்லாயிரம் டாலர் கைவிட்டுப் போன நொடியில் நீட்டப்படும் அந்தக் கை, இந்த ஒளிபரப்புகளில் மறக்க முடியாத காட்சி.

அதிர்ஷ்டத்தின் அளவு இன்றும் முடிவாகாத வழக்கு. இருவர் மட்டும் எல்லாச் சிப்பையும் வைத்து மோதும்போது ஏஸ் ஜோடி ராஜா ஜோடியை நூற்றுக்குச் சுமார் 82 முறை வெல்லும். மீதிச் சுமார் 18-இல் ஒன்று எந்த நாளும் வரலாம். போக்கரில் திறமையே மேலோங்குகிறது என்று நியூயார்க்கின் நீதிபதி ஜாக் வைன்ஸ்டைன் 2012-இல் சொன்னார்; சட்டத்துக்கு அந்தக் கேள்வியே தேவையில்லை என்று மேல்முறையீட்டில் 2013-இல் தீர்ப்பு மாறியது. தமிழ்நாட்டின் இணையச் சூதாட்டத் தடைச் சட்டத்தை 2023 நவம்பரில் ஆராய்ந்த சென்னை உயர் நீதிமன்றம், சட்டத்தை ஏற்றாலும், ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட ஆட்டம் என வகைப்படுத்திய பட்டியலை நீக்கியது.

2011 ஏப்ரல் 15-இல் அமெரிக்க அரசு பெரும் இணையப் போக்கர் தளங்களை முடக்க, விளம்பரப் பணம் வற்றி ஒளிபரப்புகள் குறைந்தன. ஆனால் மேசை நடத்தை பற்றிய சர்ச்சைகள் ஓயவில்லை. 2016-இல் வில்லியம் கசூஃபின் ஓயாத பேச்சு தண்டனைக்கு உள்ளானது. 2024-இல் ஜோனதன் தமாயோ வென்றபோது அவரது நண்பர்கள் பார்வையாளர் வரிசையில் மடிக்கணினியோடு இருந்தது சர்ச்சையாயிற்று. மின்னணுக் கருவிகள் பற்றிய விதி மறு ஆண்டு கடுமையாக்கப்பட்டது.